சேற்றுக்கு ஏற்ற வண்டி

கடலூர் ஷோரூமில் செம்பியன் பதினேழாவது முறையாக ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

“கிள்ளைக்கு அந்தாண்ட எங்க ஊரு. சேத்துல யானை எறங்குனா தும்பிக்கைதான் வெளிய தெரியும். இது போவுமா?”

“நாலு சக்கரமும் இழுக்கும் சார். நெல்லு ஏத்தவா?”

“ஆளு ஏத்தங்க. இதுவரைக்கும் மாப்ள வீடு பாக்க வந்த பதினோரு கோஷ்டி பாதி வழியிலயே திரும்பிப் போயிட்டாங்க.” நாற்பதை நெருங்கிய செம்பியன் மறுபடியும் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான்.

கடன் வாங்கி ஜீப்பை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து பெண் வீட்டார் ஐந்து பேரை, வேட்டியில் ஒரு சொட்டுச் சேறு படாமல் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

காபியைக் குடித்து முடித்தார் பெண்ணின் அப்பா.

“வீடும் தங்கம், நீங்களும் தங்கம். ஆனா நாளைக்குப் பேரன் பொறந்தா, பாக்க வர நானும் ஒரு ஜீப்பு வாங்கணுமே தம்பி! எங்களச் சிதம்பரத்துலயே விட்டுடுங்க.”