மண்டபத்துக்கு மனு

"ஆகாதுங்க சார். உங்க நிலமாவே இருந்தாலும், ஏரியோரச் சதுப்புல மண்ணைக் கொட்டிக் கல்யாண மண்டபம் கட்ட அனுமதி இல்லை" என்றார் மைசூர் மாநகராட்சி அலுவலகத்தில் தமிழரான அதிகாரி தங்கவேலு.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற கோதண்டராமன் கேட்டார்: "அப்பீல் பண்ணினா?"

"பண்ணியும் பிரயோஜனம் இல்லீங்க."

"அதையும் எழுதி, சீல் போட்டுக் கொடுங்கோ."

கடிதம் கைக்கு வந்ததும் பையிலிருந்து மைசூர்பாகு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"அனுமதி மறுத்ததுக்கு ஸ்வீட்டுங்களா?"

"தினமும் அந்த ஏரியைப் பார்த்துண்டுதான் காபியே குடிக்கறேன். மண்டபம் ஆசை என் மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளைகிட்ட மாட்டேன்னு நான் சொல்ல முடியுமா? அதான் சர்க்காரைச் சொல்ல வெச்சேன்."

வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்தார் மாப்பிள்ளை. கோதண்டராமன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.