இடது பக்கத்துப் பிரேக்

வீரராகவன் தன் பழைய காருக்குப் பெரிய இன்ஜின் மாற்றியதிலிருந்து, வேகத்துக்குப் பயந்து மனைவி கன்னியம்மாள் அதில் ஏற மறுத்தாள். மறுநாள் குத்தம்பாக்கத்தில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். பாடியில் கார் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் மதுரைவீரனிடம் ஓடினார்.

"டிஸ்க் பிரேக் போட்டுடலாமா அண்ணாத்தே?"

"வேணாம்பா."

"பூஸ்டர்? லேசா மிதிச்சாலே நிக்கும்."

"இருக்கற பிரேக்கே நல்லாத்தான் கீது."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்தீங்கோ?"

"அவ காலடியில ஒரு பெடல் வையி. எதோடயும் சேக்காதே. மிதிச்சுகினு வரட்டும்."

கல்யாணம் முடிந்து வந்தவரிடம் மதுரைவீரன் கேட்டான்: "அண்ணி இன்னா சொன்னாங்கோ?"

"வழியெல்லாம் அவதான் மிதிச்சு வண்டிய நிறுத்துனாளாம். எனக்குப் பிரேக் போடவே தெரியலையாம். என் பெடலைக் கழட்டிடச் சொல்றா."