லோரெட்டா தட்டிய நாணயம்

“அவங்க தட்டினா செல்லுமா, செல்லாதா? அதைச் சொல்லுடா முதல்ல.”

“கையில காயின் வச்சிருக்கிற யார் வேணும்னாலும் தட்டலாம். பேசாம எடு மச்சான், எடு!”

பிரூயிட் சிரித்துக்கொண்டே தன் நாணயத்தை மேசைமேல் வீசினான். கேள்வி கேட்ட ஹெக்டர் குனிந்து, ஷூவைக் கழற்றி, அதற்குள்ளிருந்து தன்னுடையதை எடுத்தான்.

“சீ, தொடைச்சிட்டு வைடா! மேடம் உட்கார்ந்திருக்காங்க.”

ஃபயெட்வில் படைமுகாமுக்கு எதிரே இருந்த மதுக்கடை அது. பிற்பகல் வெயில் பாதி மேசைவரை வந்திருந்தது. நடுவில், லோரெட்டா சற்று முன் ஓங்கி அறைந்த நாணயம். ஒரு பக்கம் சிறகு விரித்த பருந்து, மறுபக்கம் படைப்பிரிவின் பெயர்.

பிரிவில் சேரும்போது ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பிறகு சாகும்வரை அது உடம்போடு இருக்க வேண்டும். ஒருவர் தன்னுடையதை மேசைமேல் அறைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவன் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும்.

லோரெட்டா படைவீரர் அல்ல. அந்தப் பிரிவில் இருந்தது அவருடைய மகன் கர்டிஸ். அவன் போரில் இறந்த நாளன்று ஒவ்வோர் ஆண்டும் நண்பர்கள் இங்கே கூடுவார்கள். அவரும் வருவார். வந்து, ஒரே கேள்வியைக் கேட்பார்.

கடைசி நேரத்தில் அவன் பக்கத்தில் இருந்தது யார்?

ஒரே புழுதி மேடம், ஒண்ணும் தெரியலை என்பார்கள். அவனுக்கு வலியே தெரிஞ்சிருக்காது மேடம் என்பார்கள்.

இந்த ஆண்டு அவர் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் நாணயத்தை அறைந்து, “எங்கே, காட்டுங்க பார்ப்போம்” என்றார். மேசையைச் சுற்றி எல்லோருக்கும் நிம்மதி மூச்சு வந்தது. ஒருவழியாக மனசு தேறிவிட்டார், மகனுக்குப் பதிலாக விளையாட வந்திருக்கிறார்.

வென்டெல் மட்டும் பீர் புட்டியில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். பீர் வாங்கித் தருவது அவனுக்குப் பெரிதல்ல. எங்கே தொலைத்தாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அதுவும் இந்த அம்மாளின் முன்னால்.

“என்னடா வென்டெல்? குளிக்கும்போதுகூடக் கையில வச்சிருப்பேன்னு பீத்திக்குவியே!”

“வேற பேன்ட்ல இருந்துடுச்சு.” அவன் எழுந்தான். “போதும்டா, நான்தான் வாங்குறேன். கத்தாதீங்க.”

பிரூயிட் ஊளையிட்டான். யாரோ கைதட்டினார்கள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வென்டெல் கடைக்காரரிடம் போய் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

லோரெட்டா பின்னாலேயே வந்தார். நாணயத்தை அவன் முன்னால் வைத்தார். இம்முறை சத்தமே இல்லை.

“இந்தா, எடுத்துக்கோ.”

“ஐயோ, கர்டிஸோடதை நான் எப்படி மேடம்...”

“கர்டிஸோடதை நான்தான் அவன் உள்ளங்கையில வச்சு, விரலை மடக்கிவிட்டேன். அது அவனோடயே புதைஞ்சு போச்சு.”

வென்டெலின் பார்வை பருந்தின் மேலேயே இருந்தது. கை முன்னே வரவில்லை.

“இது அவன் கல்லறை மேல கிடந்துச்சுப்பா. மத்தவங்கல்லாம் பூ வச்சுட்டுப் போறாங்க. உயிர் இருக்கிறவரைக்கும் கூடவே வச்சிருக்க வேண்டியதை ஒருத்தன் வச்சுட்டுப் போயிருக்கான்.”

அவர் பக்கத்து முக்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினார்.

“உட்காரு. வலியே தெரியலைன்னு மட்டும் சொல்லாதே. நடந்ததை நடந்தபடி சொல்லு.”