ஊஞ்சலின் சாட்சி

"கதவைச் சாத்திடட்டுமாப்பா? வெளிச்சம் திரையில அடிக்குது."

கேட்டுக்கொண்டே மகள் சாத்தியும் விட்டாள். தன்னை உள்ளே வைத்துப் பூட்டியது போல அவருக்கு இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் மனைவி. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் அவளுடைய கைப்பை. வேலி மாதிரி அதை அங்கே வைத்தவள் அவள்தான்.

பழைய வீடியோக்களைச் சரிசெய்து கொடுப்பது மகளின் தொழில். யார் யார் வீட்டுக் கல்யாணத்தையோ சீராக ஓட வைத்தவள், இப்போது சொந்த வீட்டு டிஸ்க்கில் கை வைத்திருந்தாள். போனது போகட்டும் பாப்பா என்று அவரும் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். தனக்குக் கல்யாணம் ஆகிப் போய்விட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யார் தூது போவது என்று அவள் திருப்பிக் கேட்டாள். தவிர, அந்தப் படத்தில் தண்ணீருக்குள் விழுந்த குழந்தையே அவள்தான்.

பள்ளிக்கூடம் சேராத வயது அப்போது அவளுக்கு. குளத்துக்கரைப் பூங்காவில் அவர் கேமராவும் கையுமாக நின்றிருந்தார். மனைவி ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தாள். படியெல்லாம் பாசி. குழந்தை வழுக்கி விழுந்தது. மார்பளவுத் தண்ணீரிலிருந்து அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்ததும் குதித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னார்.

சில மாதம் கழித்து மச்சான் அந்த டேப்பைக் கடையில் கொடுத்து டிஸ்க்கில் மாற்றி எடுத்து வந்து போட்டுக் காட்டினார். படம் தேங்கித் தேங்கி ஓடியது. குழந்தையின் கை தண்ணீருக்கு மேலே எழும், அப்படியே நிற்கும், அமிழும், மறுபடி எழும். படம் எடுத்தவர் மட்டும் அசையவே இல்லை.

"இவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருந்தீங்க மாப்பிள்ளை?" என்று மச்சான் கேட்டார்.

மெஷின் கோளாறு, நான் உடனே குதித்துவிட்டேன் என்றார் அவர். மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அன்றோடு அவரிடம் அவளுக்குப் பேச்சு நின்றது. சாப்பாடு ஆறுகிறது என்பதைச் சுவரிடம் சொல்வாள். குழாய் ஒழுகுகிறது என்பதை மகளிடம் சொல்வாள். மகள் வீட்டில் இல்லாவிட்டால் பூனையிடம். அன்று அவர் போட்டிருந்த, கறை போகாத சட்டையை மட்டும் எறியாமல் மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். துணி எடுக்கும்போதெல்லாம் அது அவர் கண்ணில் படும். எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"கடையில மாத்திக் கொடுத்தவன் வீடியோவுல வர்ற ஒவ்வொரு துண்டுப் படத்தையும் ரெண்டு தடவை, மூணு தடவைன்னு ஒட்டி வெச்சிருக்கான்," என்றாள் மகள். "அதான் இழுத்துக்கிட்டே போகுது. திரும்பத் திரும்ப வந்ததை எல்லாம் எடுத்துட்டேன். இனிமே அன்னைக்கு என்ன வேகமோ அதே வேகம்."

அதே வேகம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"எதிர்க்கரையில ஒரு பிள்ளை ஊஞ்சல் ஆடுது பாருங்க. ஊஞ்சல் அதோட வேகத்துலதான் ஆடும். நீங்க எல்லாரும் என் கையையே பாத்தீங்க. நான் ஊஞ்சலைப் பாத்தேன்."

ஓட விட்டாள்.

கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார், இமை கேட்கவில்லை. திரையில் ஊஞ்சல் மேலே போகிறது. குழந்தை வழுக்குகிறது. கை எழுகிறது, அமிழ்கிறது, எழுகிறது. ஊஞ்சல் இந்தப் பக்கம் திரும்பி வருவதற்குள் திரை முழுக்க வானம். பிறகு சாய்ந்த படிக்கட்டு. அவ்வளவுதான் படம்.

"கேமராவை அப்படியே தூக்கி எறிஞ்சிருக்கீங்க, வானமே தெரியுது." என்றாள் மகள். "பாத்தியாம்மா? ஊஞ்சல் ஒரு தடவை போய் வர்ற நேரம்கூட அப்பா நிக்கலை. அவர் சொன்னது நிஜம்."

மனைவி நடுவிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தீர்ப்பு அவர் பக்கம், வேலியையும் எடுத்தாயிற்று. ஆனால் இதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல ஒரு பயம் வந்தது. இந்த முகத்தை இனி தினமும் நேருக்கு நேராகப் பார்த்தாக வேண்டும்.

சாத்தியிருந்த கதவை அவர் ஒரு தடவை பார்த்தார்.

"நான் குதிக்கலை," என்றார் அவர். "தண்ணின்னா எனக்குப் பயம். கால் நகரவே இல்லை. நின்ன இடத்துலயே எனக்கும் வழுக்கிருச்சு, தண்ணிக்குள்ள போய் விழுந்தேன்."

மகள் நாற்காலியோடு திரும்பினாள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரிடம் இல்லை, பூனையிடம் இல்லை, அவரிடமே சொன்னாள்:

"தெரியும். முதுகு பூராப் பாசி. அந்தச் சட்டையைத் துவைச்சவ நான்தானே."