சட்டைக்கும் கைக்கும் நடுவே

உலகம்மை எப்பொழுதும் காலிலிருந்துதான் தொடங்குவாள்.

செருப்பின் வாரிலிருந்து மேலே ஏறி, வேட்டியின் மடிப்பைச் சுற்றி, தலைமுடியில் வந்து முடிப்பாள். கணினித் திரையில் உருவத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ளவற்றைப் புள்ளி புள்ளியாக அழிப்பாள். ஒரு படத்திற்கு ஒரு பகல் செல்லும்.

அவள் உருவாக்கும் கணினி விளையாட்டில் முதிய தபால்காரர் ஒருவர் ஊர் ஊராக நடப்பார். அந்த நடைக்கு எட்டுப் படங்கள் வேண்டும்.

அதற்காக அப்பாவின் தோளில் ஒரு துணிப்பையை மாட்டி நடக்கச் சொன்னாள். கீழே விழுந்து, நான்கு மாதம் படுத்திருந்து எழுந்தபின் அவர் நடந்த முதல் நடை அது. படம் எடுக்கையில் அவள் கண் அவருடைய காலிலேயே இருந்தது.

பின்னணியைத் தானே நீக்கும் செயலியிடம் முதலில் கொடுத்துப் பார்த்தாள்.

அது சுவரை நீக்கியது. சன்னலை நீக்கியது. அப்பாவின் முதுகுக்குப் பின்னே, படத்தின் ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கையை மட்டும் அவருடையதென்று எண்ணி விட்டுவிட்டது.

கண்ணாடி வளையல் அணிந்த கை. அம்மாவினுடையது.

பெரிதாக்கிப் பார்த்தாள். எட்டுப் படங்களிலும் அந்தக் கை விரிந்தபடி உடன் வந்தது. சட்டைக்கும் கைக்கும் நடுவே நான்கு புள்ளி இடைவெளி.

ஆறாவது படத்தில் அப்பா சற்றே சாய்ந்திருந்தார்.

அங்கே ஒரு புள்ளி.

எந்தப் படத்திலும் கை அவரைத் தொடவில்லை.

கூடத்தில் அப்பா தம் நண்பரிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளும் என்னைப் பிடிக்கலடே. தனியாத்தான் நடந்தேன். எம்மவ படம் புடிச்சு வச்சிருக்கா, வந்து பாரு."

"ஆமா, மலையேறிட்டு வந்துட்டாரு," என்றாள் அம்மா. "காப்பி ஆறுது, குடிங்க."



உலகம்மை அன்று காலிலிருந்து தொடங்கவில்லை. ஆறாவது படத்தைத் திறந்து, அந்த ஒரு புள்ளியின் வழியே நுழைந்தாள். விரல்களை அழித்தாள். வளையல்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

எட்டும் முடிந்தபின் ஓடவிட்டுப் பார்த்தாள்.

அப்பா தனியாக நடந்தார்.

சேமித்தாள்.

பிறகு, எதையும் அழிக்காத பழைய எட்டுப் படங்களையும் மறுபடி திறந்தாள். இம்முறை சுவரையும் அப்பாவையும் நீக்கிவிட்டு, அம்மாவின் கையை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.