இனி இவருக்குப் பதில்

வார்டுச் சுவரில் இருந்த டிவியில் அந்தப் பள்ளிக்கூடத் தொடர் தொடங்கியது. ஏழு வருடமாக அதில் மங்கையர்க்கரசி டீச்சராக நடித்த எஸ்தர், பக்கவாதத்தில் பேச்சு போய், வாய் கோணி, யாருக்கும் அடையாளம் தெரியாமல் டிவிக்கு எதிர்க் கட்டிலில் கிடந்தாள். திரையில் வகுப்பறைக்குள் வேறொருத்தி வந்தாள். அவள் கட்டியிருந்தது எஸ்தர் கட்டி நடித்த புடவை. ரவிக்கையை மட்டும் பிடித்துத் தைத்திருந்தார்கள். கீழே எழுத்து வந்தது: மங்கையர்க்கரசியாக இனி இவருக்குப் பதில் இவர். பிள்ளைகள் எழுந்து நின்று, ஒரு குரலும் பிசகாமல், "வணக்கம் டீச்சர்" என்றார்கள். "பழைய ஆளு என்ன ஆனாளோ," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. "இவ நல்லாத்தான் இருக்கா." அப்போது டாக்டர் வந்து, தினமும் கேட்பதையே எஸ்தரிடம் கேட்டார். "அம்மா, உங்க பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்." எஸ்தரின் கழுத்து நரம்பு புடைத்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. பிறகு, படுத்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு சொல் வந்தது. "மங்... கையர்க்... கரசி." டாக்டர் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பக்கத்துக் கட்டில்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது அந்தம்மா பேரு சார்," என்று டிவியைக் காட்டினாள். எஸ்தரும் பார்த்தாள். பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.