கொடியில் ஒரு சாரம்

“இருபத்திரண்டு பிள்ளையளின்ரை படம் காட்டினனான், அண்ணை. எல்லாத்தையும் வேண்டாமெண்டவர், உங்கடை ஆதிரையின்ரை படத்தைப் பாத்ததும் ஒரே சொல்லிலை ஓமெண்டிட்டார்!”

சொல்லிவிட்டு சுந்தரேஸ்வரி இரண்டாவது ரோல்ஸை எடுத்துக் கடித்தார். பக்கத்தில் மகன் நிலக்சன். இஸ்திரி போட்ட சட்டையும் குனிந்த தலையுமாக, பெண் பார்க்க வந்தவனா பார்க்கப்பட வந்தவனா என்று சந்தேகம் வரும்படி உட்கார்ந்திருந்தான்.

இராசலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹம்பேர்க் துறைமுகத்துக் கிடங்கில் இருபத்தேழு வருடம் பெட்டி ஏற்றி, தாயில்லாத மகளை ஒற்றை ஆளாக வளர்த்து எஞ்சினியர் ஆக்கிய மனிதர். அவளை ஒரு நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. இது தானாகத் தேடி வந்த சம்பந்தம். மாப்பிள்ளையும் எஞ்சினியர்.

சந்தோஷம் கூடினால் அவருக்கு வாய் நிற்காது.

“ஆதிரை ஒரு செமஸ்டர் இத்தாலியிலையும் படிச்சவ. ஊர்பீனோ எண்டு மலைக்கு மேலை ஒரு சின்ன ஊர். மூண்டு இத்தாலிப் பெட்டையளோடை ஒரே வீட்டிலை இருந்தவ. இஞ்சை பாருங்கோ!”

கைபேசியை நீட்டினார்.

“அப்பா, இப்ப உது என்னத்துக்கு?” என்றாள் ஆதிரை. அவர் காதில் விழவில்லை.

“என்ரை பிள்ளையும் படிக்கேக்கை ஆறு மாசம் மியூனிக்கிலை வேலை பழகினவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மரக்கறிதான். அவரைப் பற்றி ஒரு கதை வந்திருக்குமே?”

பேசிக்கொண்டே படங்களைத் தள்ளிய சுந்தரேஸ்வரியின் விரல் ஓரிடத்தில் நின்றது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

பழைய கல் வீட்டுப் பல்கனியில் ஆதிரை நின்று சிரிக்கிற படம். பின்னால் கொடியில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

“அண்ணை, இத்தாலிப் பெட்டையள் சாரம் கட்டுவினமோ?”

“என்ன கேக்கிறியள்?”

“கொடியிலை காயுதே, கட்டம் போட்ட சாரம். எங்கடை ஆம்பிளை ஒருத்தன் அந்த வீட்டிலை இருந்திருக்கிறான். சும்மா வந்துபோறவன் சாரத்தைத் தோய்ச்சுக் காயப் போடமாட்டான்.”

இராசலிங்கம் கைபேசியை வாங்கிப் பார்த்தார். இதே படத்தை நூறு தடவை பார்த்திருப்பார், வேலையிடத்தில் எத்தனையோ பேருக்குக் காட்டியும் இருப்பார். ஒவ்வொரு தடவையும் மகளின் சிரிப்பைத்தான் பார்த்தார். சாரம்தான். ஊரில் ஆண்கள் வீட்டில் கட்டுகிற அதே லுங்கி, சந்தேகமே இல்லை.

“தம்பி, நீயே பார். உது சாரம்தானே?” என்று சுந்தரேஸ்வரி மகனிடம் கேட்டார்.

நிலக்சன் படத்தைப் பார்த்தான். வேண்டியதற்கு மேலாகவே பார்த்தான்.

“ஓம் அம்மா. சாரம்தான்.”

தேத்தண்ணித் தட்டோடு நின்ற ஆதிரை அவனையே பார்த்தாள்.

“ஆர் பிள்ளை அவன்? சொல்லன்” என்றார் சுந்தரேஸ்வரி.

ஆதிரை ஒரு கோப்பையை எடுத்து நிலக்சனுக்கு முன்னால் வைத்தாள்.

“இனி என்ன, தம்பி? உன்ரை விருப்பத்தைச் சொல்லு.”

“உங்கடை விருப்பம்தான் அம்மா.”

சுந்தரேஸ்வரி இராசலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“தாயில்லாத பிள்ளை, கண்டிக்க ஆளில்லை. உங்களிலை நான் குறை சொல்லேல்லை, அண்ணை. ஆனால் என்ரை வீட்டுக்கு உது சரிவராது.”

குறை சொல்லாமலே வேண்டிய மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த மிச்ச ரோல்ஸையும் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தார். வாசலில் சப்பாத்து நாடா கட்டக் குனிந்த நிலக்சன், அம்மா கதவைத் திறக்கும் வரை நிமிரவில்லை.

அவர்கள் போனதும் இராசலிங்கம் வெடித்தார்.

“நாளைக்கு விடியமுன்னம் ஜேர்மனி முழுக்கத் தெரிஞ்சிடும்! இனி நான் நாலு பேரின்ரை முகத்திலை முழிக்க ஏலுமே? மூண்டு பெட்டையளோடை இருந்தனான் எண்டு என்னட்டைச் சொன்னது பொய்தானே?”

“ஓம் அப்பா, பொய்தான். பெட்டையள் ரெண்டு பேர்தான்.”

கையை ஓங்கிவிட்டார். பிறந்த நாள் முதல் அவளை அடித்துப் பழகாத கை. என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

“ஆரடி அவன்? அந்த மனுசி அவ்வளவு கேட்டும் ஏன் வாய் திறக்கேல்லை நீ?”

“அவர் திறப்பார் எண்டு பாத்தனான்.”

“எவர்?”

நிலக்சன் ஒரு மிடறுகூடக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. ஆதிரை அதை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். அவள் அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மகன் மியூனிக்குக்குப் போறார் எண்டு நம்பி, ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழாக் கடையிலை சுந்தரேஸ்வரி அன்ரி வாங்கிக் குடுத்துவிட்ட சாரம் அப்பா அது.”